பழைய மோட்டார் வண்டியும் புதிய இசைக்கருவியும்

விழா மலரொன்றிலே மோட்டார் வண்டியின் மின்கம்பிகளைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். நமது கல்லூரியின் பழைய மாணவர் பலரது வீட்டு முற்றத்தில், தந்தையார் வாங்கிய மொறிஸ் மைனரோ பாட்டனார் ஓட்டிய ஒஸ்ரினோ இன்றும் நிற்கின்றது. அவ்வீட்டுப் பிள்ளையின் கையிலே பாட்டும் படமும் நிறைந்த கைத்தொலைபேசி இருக்கின்றது. வண்டியிலே பாட்டுக் கேட்கவும், தொலைபேசிக்கு மின்னேற்றவும் பிள்ளை விரும்புகின்றான். வண்டியில் எதனையும் வெட்டவோ துளைக்கவோ தந்தை இசையார். இவ்விருவருக்கும் இடையே இணக்கம் காண்பது இயலுமா? இயலும் என்பதே நமது கருத்து. அதற்கு வேண்டுவது பெரும் பொருளன்று; விஞ்ஞான வகுப்பிலே கற்ற மின்னோட்டப் பாடத்தின் நினைவும் சிறிது பொறுமையுமே.

இதனைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதலும் தகாது. தவறாகப் பொருத்தப்பட்ட ஒரு சிறு மின்னேற்றி, எழுபது ஆண்டு ஓடிய வண்டியொன்றைச் சில நிமிடங்களிற் கரியாக்கிவிடவல்லது. ஆதலின், என்ன செய்யவேண்டும் என்பதோடு, ஏன் அவ்வாறு செய்யவேண்டும் என்பதையும் ஈண்டு விளக்க முயல்வாம்.

வண்டிகள் நிலைத்த காரணம்

ஒஸ்ரின் ஏ 40 டெவன் 1947ஆம் ஆண்டிலும், அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டிலும், ஒஸ்ரின் ஏ 40 சோமர்செற் 1952ஆம் ஆண்டிலும் இங்கிலாந்திலே வெளிவந்தன. இவை இலங்கைக்குக் கப்பலேறி வந்து, வைத்தியர், ஆசிரியர், வழக்கறிஞர், வணிகர் ஆகியோரின் வண்டிகளாயின. பின்னர் வாடகை வண்டிகளாகி மக்களைச் சுமந்தன. அந்நியச் செலாவணி முடையாற் புதிய வண்டிகளின் வரவு குறுகிய காலங்களில் இவற்றின் மதிப்பு உயர்ந்தது. 1990களிலே பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில் இவையே மண்ணெண்ணெயிலும் ஓடின. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும், பழைய வண்டிகளைப் பேணியோர் கவலையின்றி இருந்தனர். ஒருவரிடமிருந்து ஒருவருக்காகக் கைமாறி வந்த இவ்வண்டிகளை, நாமும் கெடாது அடுத்தவர் கையிற் கொடுக்கக் கடப்பாடுடையோம்.

இல்லாத மின்சாரத்தை இருக்கும் கருவியோடு பொருத்துங் கலையும் நம்மவர்க்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகள் குடாநாட்டிலே மின்சாரம் இல்லாதிருந்த காலத்து, மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோ தந்த மின்னிலே வானொலிச் செய்தி கேட்டவர் பலர். அந்தச் சிறு டைனமோ 6 உவோல்ற்று அழுத்தத்தில் 3 உவாற்று அளவான மின்னையே தருவது, அதுவும் ஆடலோட்டம். அதனை இருவாயி கொண்டு நேரோட்டமாக்கி, முனை மாறாது வானொலிக்குக் கொடுத்தால் மாத்திரமே செய்தி கேட்கும். ஊற்று எது, அதன் அழுத்தம் எவ்வளவு, அதன் நேர்முனை எது, அது எவ்வளவு தாங்கும் என்னும் நான்கு வினாக்களை அன்று நம்மவர் கேட்டறிந்தனர். பழைய வண்டியிற் புதிய கருவியைப் பொருத்துவோர் கேட்கவேண்டியவையும் அந்நான்கே.

முதலாவது: அழுத்தம்

மேற்கூறிய ஆங்கில வண்டிகள் 12 உவோல்ற்றுப் பற்றரி உடையன. ஓய்ந்திருக்கும்போது நன்கு மின்னேறிய பற்றரி ஏறத்தாழ 12.6 உவோல்ற்றும், இயந்திரம் விரைந்தோடும்போது வண்டியின் சுற்று ஏறத்தாழ 14 உவோல்ற்றும் காட்டும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த வொக்ஸ்வாகன் 'பீற்றில்' வண்டிகள் பெரும்பாலும் 6 உவோல்ற்று உடையன. அவற்றுக்கு அழுத்தத்தை உயர்த்தும் தனிக் கருவி வேண்டும்.

கைத்தொலைபேசிக்கு வேண்டுவது அடிப்படையில் 5 உவோல்ற்று. விரைந்து மின்னேற்றும் முறைகளில் 9 உவோல்ற்றும் அதற்கு மேலும் தொலைபேசியே கேட்டுப் பெறும். மின்னேற்றி என்பது 12 உவோல்ற்றை இவ்வளவுக்கு இறக்கும் கருவி. அது மிகுதியான மின்னைத் தடையிலே வெப்பமாக எரித்து வீணாக்குவதில்லை. நொடிக்குப் பல்லாயிரம் முறை சுற்றைத் திறந்தும் மூடியும், வேண்டிய அளவை மாத்திரம் சுருளொன்றிலே சேமித்துக் கொடுக்கின்றது. ஆதலினாலேயே பெருவிரலளவான கருவி 20 உவாற்றுக் கொடுத்தும் அதிகஞ் சூடாவதில்லை. பழைய வண்டிகளின் ஹோர்னும் வைப்பரும் தொடங்கும்போதும் நிற்கும்போதும் சுற்றிலே திடீர் அழுத்த அலைகளை எழுப்புவன. ஆகவே 12 உவோல்ற்றுக்கு மாத்திரம் என எழுதிய மலிவான கருவியை விடுத்து, 12 முதல் 24 உவோல்ற்று வரை தாங்குவதை வாங்குதல் வேண்டும்.

இரண்டாவது: புவித்தொடுப்பு

இவ்வினாவிலேதான் பெரும்பாலான விபத்துக்கள் பிறக்கின்றன. வண்டியின் இரும்புடலே மின் திரும்பிச் செல்லும் பாதையாகும். பற்றரியின் ஒரு முனை தடித்த பட்டியொன்றினால் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வண்டிகள் யாவற்றிலும் அவ்வாறு பிணைக்கப்படுவது மறைமுனை. 1960களின் பிற்பகுதிக்கு முன் வந்த ஆங்கில வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டது. கராஜ்காரர் இதனைப் 'பொசிற்றிவ் ஏர்த்' என்பர். மொறிஸ் மைனரும் பழைய ஒஸ்ரின்களும் இவ்வகையின.

இன்று கடையில் விற்கும் மின்னேற்றி யாவும் மறைமுனைப் புவித்தொடுப்பை எண்ணியே செய்யப்பட்டவை. சிகரற் பற்றவைக்கும் குழியிலே அதனைச் செருகினால், நடுவிலுள்ள ஊசிக்கு நேர்முனையும் பக்கத்துத் தகட்டுக்கு மறைமுனையும் கிடைக்கும் என அது எதிர்பார்க்கின்றது. நேர்முனை உடலோடு பிணைந்த வண்டியிலே எல்லாம் தலைகீழாகின்றது. உள்ளே காப்பு இருவாயி உள்ள நல்ல மின்னேற்றி வாளா கிடக்கும். காப்பற்றதோ புகைந்து போகும். சிலவேளை தொலைபேசியையும் உடன்கொண்டு போகும்.

ஆதலின் முதற்கண் செய்யவேண்டுவது, வண்டி எவ்வகையது என அறிதல். நூலிலே எழுதியிருப்பதை நம்பி இருந்துவிடல் ஆகாது. எழுபது ஆண்டுக் காலத்தில் எவரேனும் முனையை மாற்றியிருத்தல் கூடும். பற்றரியின் எந்த முனையிலிருந்து உடலுக்குப் பட்டி செல்கின்றது எனப் பார்க்க. நேர்முனைத் தூண் மறைமுனைத் தூணிலும் சற்றுத் தடித்திருக்கும். அதுவும் ஓர் அடையாளம். பல்மானியின் கறுப்புக் கம்பியை வண்டியின் உடலிலும், சிவப்புக் கம்பியைப் பற்றரியின் மற்றை முனையிலும் வைத்தால், நேர்முனைப் புவித்தொடுப்புள்ள வண்டியிலே 12க்கு முன் கழித்தற் குறி தோன்றும். இச்சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.

நேர்முனைப் புவித்தொடுப்பு எனத் தெரிந்தபின் வழிகள் மூன்று உள.

முதல் வழி, நாற்புறமும் பிளாஸ்ரிக்கினாற் செய்த தனிக் குழியொன்றை அமைத்து, அதன் நடு ஊசியை வண்டியின் உடலோடும், பக்கத்துத் தகட்டை உருகி வழியாக வரும் மின்கம்பியோடும் இணைத்தல். மின்னேற்றிக்கு வேண்டிய முனைகள் செம்மையாகக் கிடைக்கும். ஆயினும் ஓர் இடர் ஒளிந்திருக்கின்றது. மின்னேற்றியின் மறைமுனையும், அதிலிருந்து தொலைபேசிக்குச் செல்லும் யூ.எஸ்.பி. கம்பியின் வெளித்தகடும் ஒன்றோடொன்று தொடர்புடையன. அத்தகடு டாஷ்போட்டின் இரும்பிலே தவறித் தொட்டால், பற்றரியின் இரு முனைகளும் நேரே சந்தித்தவாறாகும். ஆகவே இவ்வழியை மேற்கொள்வோர் இரும்புப் பாகம் வெளியே தெரியாத மின்னேற்றியைத் தேர்ந்து, சிறிய உருகியொன்றை இடுதல் இன்றியமையாதது. அம்மின்னேற்றியிற் பொருத்திய தொலைபேசியைப் பாட்டுக் கம்பியொன்றினால் வண்டியின் வானொலியோடும் இணைத்தல் அறவே கூடாது.

இரண்டாம் வழி, உட்செல்லும் சுற்றுக்கும் வெளிவருஞ் சுற்றுக்கும் கம்பித் தொடர்பே இல்லாத மாற்றி ஒன்றை வாங்கிப் பொருத்துதல். அதனுள்ளே சிறு நிலைமாற்றி ஒன்று பாலமாக நிற்கும். மின் காந்தப் புலமாகி அப்பால் ஏறி மீண்டும் மின்னாகின்றது. அதனால் வெளிவரும் மறைமுனை வண்டியின் உடலைத் தொட்டாலும் கேடில்லை. மேலே பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தும் உண்மையில் இவ்வாறு பிரிக்கப்படாத மாற்றிகளும் சந்தையில் உண்டு. பல்மானியிலே தடையை அளந்து, உள்மறை முனைக்கும் வெளிமறை முனைக்கும் இடையே தொடர்பு காணப்பட்டால் அது நமது வேலைக்கு ஆகாது என விலக்குக. பொருட்செலவு சற்றுக் கூடினும் நாம் விதந்துரைப்பது இவ்வழியையே. வண்டியின் இயல்பை ஒரு சிறிதும் மாற்றாமையே அதன் சிறப்பு.

மூன்றாம் வழி, வண்டியையே மறைமுனைப் புவித்தொடுப்புக்கு மாற்றுதல். பற்றரியைத் திருப்பி வைத்து, டைனமோவின் புலச்சுருளுக்குக் கணநேரம் மின் கொடுத்து அதன் முனைவைப் புதுக்கி, தீப்பொறியை உண்டாக்கும் கொயிலின் இரு சிறு கம்பிகளையும் இடம் மாற்றவேண்டும். அம்பியர் மானி இருப்பின் அதன் கம்பிகளையும் மாற்றுக. ஸ்ராட்டர் மோட்டார் எம்முனையிலும் ஒரே பக்கமாகவே சுழலும். பழைய வானொலி இருப்பின் அது கெட்டுப்போதல் கூடும். தேர்ந்த கைகளுக்கு இது அரைநாள் வேலை; ஆயினும் அடுத்து வண்டியைத் திறக்கும் திருத்துநர் அறியுமாறு, பற்றரியின் அருகே எழுத்திலே குறித்து வைக்காவிடின் பின்னர் வேறொருவருக்குக் கேடு விளையும்.

மூன்றாவது: உருகி

பற்றரி பார்வைக்குச் சாதுவானது. அதன் இரு முனைகளும் தடையின்றிச் சந்திப்பின் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். 12 உவோல்ற்றிலே 300 அம்பியர் பாய்ந்தால் 3,600 உவாற்று வெப்பம் பிறக்கும். அது சமையலறையின் மின்னடுப்பு மூன்று ஒருங்கே எரிவதற்கு ஒப்பாகும். அவ்வெப்பம் நூலுறையிட்ட பழைய கம்பிகளுக்குள் எழும்போது, பக்கத்தேயுள்ள அட்டையும் பஞ்சும் தீப்பற்றுதல் இயல்பு.

உருகி காப்பது கருவியை எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது முதற்கண் காப்பது கம்பியை. கம்பி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின் பாயுமுன் உருகி அறவேண்டும். மொறிஸ் மைனர் 1000 வண்டியிலே உருகிகள் இரண்டே. அவை 35 அம்பியருக்கு மேற்படின் அறுவன. தொலைபேசி மின்னேற்றியின் மெல்லிய கம்பியோ அவ்வளவை ஒருபோதும் தாங்காது. ஆகவே வண்டியின் உருகிப் பெட்டியிலிருந்து நேரே மெல்லிய கம்பியை இழுத்தால், குறுஞ்சுற்று நேருங்கால் உருகி அறுவதற்கு முன் கம்பி சிவந்து எரியும். புதிய கருவி ஒவ்வொன்றுக்கும் அதனதன் சிறு உருகி வேண்டும்: மின்னேற்றிக்கு 3 அம்பியர், சிறிய ஒலிக்கருவிக்கு 5 அம்பியர் போதியன. மின் எடுக்கும் இடத்துக்கு மிக அண்மையிலே உருகியை வைத்தல் வேண்டும். அதற்கு முன்னுள்ள கம்பித்துண்டைக் காப்பார் இலர் அன்றோ? கம்பி ஒரு சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செப்பு உடையதாயிருக்கட்டும்.

உருகி அறுந்தால், சிகரற் பெட்டியின் ஈயத்தாளை அதன் மேற் சுற்றிவிடும் வழக்கம் நம்மூரிலே நெடுநாளாக உண்டு. அது வாயிற்காவலனை உறங்கச் செய்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது. உருகி அறுதல் ஒரு செய்தி. அச்செய்தியின் காரணத்தை நாடவேண்டும்.

எங்கிருந்து மின் எடுப்பது என்பது அடுத்தது. அக்கால ஆங்கில வண்டிகளிலே கம்பியின் நிறம் ஒரு மொழி. மண்ணிறம் பற்றரியிலிருந்து உருகியின்றி வருவது. வெள்ளை திறப்பைத் திருகியபின் மின் பெறுவது, உருகியற்றது. பச்சை திறப்பின் வழியாக உருகி கடந்து வருவது. ஊதா எந்நேரமும் மின் உள்ளது, உருகி கடந்தது. கறுப்பு உடலோடு இணைவது. காலத்தால் நிறம் மங்கியிருப்பின், உருகிப் பெட்டியின் முனைகளிற் பொறித்த எண்களைக் கொண்டு அறியலாம். பச்சை நான்காம் முனையிலும் ஊதா இரண்டாம் முனையிலும் இருக்கும்.

மின்னேற்றியைப் பச்சைக் கம்பியின் முனையிலே இணைத்தல் நன்று. திறப்பை எடுத்ததும் அது தானே ஓயும். எந்நேரமும் மின் உள்ள முனையில் இணைத்தால், ஒன்றும் செய்யாது இருக்கும் கருவியும் சிறிது மின் உண்ணும். ஓர் அம்பியரில் ஐம்பதிலொரு பங்கு உண்ணும் கருவி, முப்பது நாளில் 14 அம்பியர் மணிக்கு மேல் உண்டுவிடும். 40 அம்பியர் மணிப் பற்றரியின் மூன்றிலொரு பங்கு அது. வெளிநாடு சென்றவர் திரும்பி வந்து வண்டியைத் தட்டினால் அசையாததன் காரணம் பலவேளைகளில் இதுவே.

பச்சைக் கம்பியிலும் ஒரு கவனம் வேண்டும். பழைய வண்டியிலே திறப்புக்குப் பாட்டுக் கேட்பதற்கெனத் தனி நிலை இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திறப்பை மாத்திரம் திருகி வைத்துப் பாட்டுக் கேட்டால், பொயின்ற் மூடிய நிலையிலே கொயிலினூடாக இடையறாது மின் பாயும். அது சூடேறிக் கெட்டுவிடும். மரநிழலில் வண்டியை நிறுத்திவைத்துப் பாட்டுக் கேட்க விரும்புவோர், ஊதாக் கம்பியின் முனையிலிருந்து தனி உருகியும் தனி ஆளியும் வைத்து ஒலிக்கருவிக்கு மின் கொடுக்கவேண்டும். எழுந்து போகும்போது ஆளியை மூட மறவாதிருத்தல் வேண்டும்.

நான்காவது: டைனமோவின் வலிமை

இன்றைய வண்டியின் ஒல்ரனேற்றர் இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதே போதிய மின் தருவது. பழைய டைனமோ அத்தகையதன்று. லூக்காஸ் சி 39 வகை 19 அம்பியரும், சி 40 வகை 22 அம்பியருமே அதன் உயர்ந்த அளவிலே தருவன. அதுவும் வண்டி விரையும்போது. சந்தியிலே காத்து நிற்கையில் டைனமோ எதுவும் தராது; செவ்விளக்கு எரிவதே அதற்குச் சான்று.

மழையிரவு ஒன்றின் கணக்கை எழுதிப் பார்ப்போம். முன்விளக்குகளுக்கு ஏறத்தாழ 7 அம்பியர், சிறு விளக்குகளுக்கு இரண்டரை, தீப்பொறிக்கு மூன்று, வைப்பருக்கு இரண்டரை. ஆக 15 அம்பியர். 22 அம்பியர் டைனமோவில் எஞ்சுவது ஏழு. 19 அம்பியர் டைனமோவில் எஞ்சுவது நான்கே. 20 உவாற்று மின்னேற்றி, தன் இழப்பையுஞ் சேர்த்து இரண்டு அம்பியர் எடுக்கும். அடக்கமாக ஒலிக்கும் சிறு ஒலிக்கருவி ஓரிரண்டு அம்பியர் எடுக்கும். ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஓடும்போது இரண்டும் இயங்கலாம். திருவிழா நெரிசலிலே விளக்கெரிய ஊர்ந்து செல்லும் இரவில், பற்றரியின் சேமிப்பே செலவாகின்றது என்பதை உணர்ந்து, இசையையும் மின்னேற்றத்தையும் நிறுத்திவைத்தல் அறிவுடைமை. பின்னிருக்கையை அதிரச் செய்யும் பெரிய ஒலிக்கருவிகள் இவ்வண்டிகளுக்கு உரியனவல்ல என்பதும் இக்கணக்கிலிருந்தே பெறப்படும்.

இசை வரும் வழி

மோட்டார் வண்டிக்குள் இசை புகுந்தது 1930ஆம் ஆண்டளவிலே. கல்வின் சகோதரர்கள் அவ்வாண்டில் அமெரிக்காவிலே விற்பனைக்கு விட்ட வண்டி வானொலிக்கு 'மோட்டரோலா' எனப் பெயரிட்டனர். பின்னர் 1963ஆம் ஆண்டிலே பிலிப்ஸ் நிறுவனத்தாரின் ஒலிநாடாப் பேழை பிறந்தது. 1980களில் இறுவட்டு வந்தது. இன்று பாட்டு தொலைபேசியினுள்ளே இருக்கின்றது. அதனைக் கம்பியின்றி ஒலிபெருக்கிக்குக் கொண்டு சேர்ப்பது புளூரூத் என்னும் முறை. எரிக்சன் நிறுவனத்திலே 1994ஆம் ஆண்டில் இதற்கான வேலை தொடங்கிற்று. பத்தாம் நூற்றாண்டிலே தென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனின் பட்டப்பெயரே இதற்கு இடப்பட்டது.

புளூரூத் 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனை அண்டிய வானொலி அலை. பாட்டை எண்களாக்கி அனுப்பும்போது, 79 அலைவரிசைகளுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவித்தாவிச் செல்லும். ஓர் அலைவரிசையிலே இடையூறு நேரினும் அடுத்ததிலே செய்தி போய்ச் சேரும். அதனாலேதான் பழைய இயந்திரத்தின் தீப்பொறி இரைச்சல் இதனைத் தீண்டுவதில்லை. மத்திய அலை வானொலியைக் கேட்போருக்கோ அவ்விரைச்சல் பழகிய ஒன்று. மின்னேற்றியும் அந்த வானொலியில் ஒரு ரீங்காரத்தைக் கூட்டுதல் உண்டு. கொயிலின் மின் வரும் முனையிலும், டைனமோவின் பெரிய முனையிலும் ஒரு மைக்கிரோபரட் கொள்ளளவியை உடலோடு இணைத்தால் வண்டியின் இரைச்சல் குறையும். டைனமோவின் சிறிய முனையாகிய புலமுனையிலே அதனை இணைத்தல் ஆகாது.

பழைய வண்டிக்கு மிகப் பொருந்துவது, புளூரூத் வாங்கியும் ஒலிவிரிவாக்கியும் ஒன்றாய் அமைந்த, உள்ளங்கையளவான பெட்டி. டாஷ்போட்டின் கீழுள்ள பொருள் வைக்கும் தட்டிலே அதனை மறைத்து, இரு சிறு ஒலிபெருக்கிகளையும் மரப்பெட்டியிலிட்டு அத்தட்டிலே வைத்துவிடலாம். கதவை வெட்டவேண்டா, டாஷ்போட்டைத் துளைக்கவேண்டா. இத்தகைய பெட்டிகளின் ஒலிபெருக்கிக் கம்பி எதனையும் வண்டியின் உடலோடு இணைக்கலாகாது. இரு கம்பிகளும் ஒலிபெருக்கிக்கே செல்லவேண்டும். நேர்முனைப் புவித்தொடுப்புள்ள வண்டியிலே, முன் சொன்ன பிரிக்கப்பட்ட மாற்றி வழியாக இதற்கு மின் கொடுக்க. வண்டியோடு வந்த பழைய வல்வு வானொலியினுள்ளே புதிய கருவியைத் திணிக்க முயலவேண்டா. அதனுள் இருநூறு உவோல்ற்றளவான மின் இருத்தலால் உயிர்க்கு இடருண்டு. அது இருந்தவாறே அழகுக்கு இருக்கட்டும்.

1980களிலும் 1990களிலும் வந்த யப்பானிய வண்டிகளை உடையோருக்கு வேலை எளிது. மறைமுனைப் புவித்தொடுப்பும் ஒல்ரனேற்றரும் அவற்றில் உண்டு. ஒலிநாடாக் கருவி இயங்குமாயின், பேழை வடிவான இணைப்பியை அதனுட் செருகினாற் போதும். இயங்காவிடின், 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் உள்ள அந்த இடத்திலே புளூரூத் உள்ள புதிய கருவியைப் பொருத்தலாம். அதன் மஞ்சட் கம்பி எந்நேரமும் மின் பெறவும், சிவப்பு திறப்பு வழி மின் பெறவும், கறுப்பு உடலோடு சேரவும் வேண்டும்.

தொலைபேசிப் பாட்டைப் பண்பலையாக்கி வானொலிக்கு அனுப்பும் சிறு செலுத்திகளை வாங்குவோர் ஒன்றை அறிதல் வேண்டும். யப்பானுக்கெனச் செய்த பழைய வானொலிகள் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரையே கேட்பன; செலுத்திகளோ பெரும்பாலும் 87.5 முதல் 108 வரை அனுப்புவன. ஆகவே 87.5க்கும் 90க்கும் இடைப்பட்ட ஒழுங்கையிலே, நிலையம் எதுவும் இல்லாத இடம் பார்த்து நிறுத்தினால் ஒலிக்கும். வானொலி பழுது என்று கடைக்குக் கொண்டு சென்றவர் சிலர், இதனை அறிந்திருப்பின் பணத்தை மிச்சம் பிடித்திருப்பர்.

பொருத்தும் முறை

தொடங்குமுன் பற்றரியின் புவித்தொடுப்புக் கம்பியைக் கழற்றுக. அதனை முதலிற் கழற்றி இறுதியில் மாட்டினால், கையிலுள்ள சாவி உடலிலே தட்டினாலும் பொறி பறவாது. புதிய கம்பி இரும்பைக் கடக்கும் இடமெல்லாம் இறப்பர் வளையம் இருத்தல் வேண்டும். ஏற்கெனவே உள்ள துளையின் வழியே செல்லுதல் நன்று. பழைய கம்பியைச் சீவி முறுக்கிப் பட்டி சுற்றும் வழக்கத்தை விடுக; உருகிப் பெட்டியின் முனையிலே தகடு வைத்து இணைக்க. சாரதியின் காலடியிற் கம்பி தொங்கலாகாது. எல்லாம் முடிந்தபின், பல்மானியால் முனைகளைச் சரிபார்த்து, விலையுயர்ந்த தொலைபேசியை மாட்டுமுன் பழையதொன்றை மாட்டிப் பார்க்க. கால் மணி கழித்துக் கம்பிகளையும் மாற்றியையும் தொட்டுப் பார்த்துச் சூடுண்டாவென அறிக.

இவ்வளவு தொல்லையும் வேண்டா என்பாருக்கும் ஒரு வழியுண்டு. வீட்டிலே மின்னேற்றிய சேமிப்புக்கலம் ஒன்றும், தானே பற்றரி உடைய புளூரூத் ஒலிபெருக்கி ஒன்றும் வண்டியிலே கொண்டு சென்றால், வண்டியின் ஒரு கம்பியையும் தொடவேண்டியதில்லை. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மாத்திரம் வெளியே எடுக்கும் வண்டிக்கு இதுவே சாலச் சிறந்தது. ஆயின் இவற்றினுள் இருப்பது லிதியக் கலம். மூடிய வண்டிக்குள் நம் நாட்டு வெயில் 45 பாகை செல்சியசை எளிதிற் கடக்கும்; அவ்வெப்பத்தில் இக்கலங்கள் கெடும், சிலவேளை தீப்பற்றவுங் கூடும். இறங்கும்போது அவற்றையும் தொலைபேசியையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

இன்னொன்று கூறவேண்டும். மொறிஸ் மைனரின் பிரேக்கு இன்றைய வண்டியின் பிரேக்கன்று. நிறுத்த நினைத்த இடத்துக்குச் சற்று முன்னரே காலை வைத்துப் பழகிய சாரதிக்கே அது பணியும். அத்தகைய வண்டியை ஓட்டுபவர் பாட்டை மாற்றுவதற்காக ஒரு கணமேனுந் தலை குனிதல் தகாது. கைத்தொலைபேசியைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டத்துக்கும் மாறானது. பாட்டைப் புறப்படுமுன் தெரிந்து வைக்க. பின் மாற்றவேண்டின் அருகிருப்பவர் மாற்றட்டும். பின்னால் வரும் பேருந்தின் ஹோர்ன் கேட்குமளவிலே ஒலியை அமைக்க.

நிற்க. மேற்கூறியவற்றின் சாரம் ஒன்றே. புதியதைச் சேர்க்கும்போது, நாளை அதனை எடுத்துவிட்டால் வண்டி பண்டுபோல் இருக்குமா என வினவுதல் வேண்டும். ஆம் என்ற விடை வருமாயின் சேர்க்கலாம். இன்றுள்ள புளூரூத்தும் யூ.எஸ்.பி.யும் இன்னும் இருபது ஆண்டில் ஒலிநாடாப் பேழைபோல் வழக்கொழிதல் கூடும். அன்று வேறொரு கருவி வரும். அதனைப் பொருத்துவதற்கும் துளைபடாத டாஷ்போட்டும், வெட்டுப்படாத கம்பித்தொகுதியும், எரியாத வண்டியும் இருத்தல் வேண்டும்.

நமது கல்லூரியின் விஞ்ஞானக்கூடத்திலே மின்கலமும் கம்பியும் கொண்டு முதற் சுற்றை அமைத்த மாணவர் பலர், இன்று உலகின் பல பாகங்களிலும் பொறியியலாளராய் விளங்குகின்றனர். அங்கே இன்று பயிலும் இளையோர், விடுமுறை நாளொன்றில் வீட்டிலுள்ள பழைய வண்டியின் மூடியைப் பெரியோர் துணையோடு திறந்து, இங்கே கூறிய நான்கு வினாக்களையும் கேட்டுப் பார்ப்பாராயின், பாடநூலிற் கற்றது கைத்திறனாக மாறும். பழமையைப் பேணிப் புதுமையை ஏற்கும் அப்பண்பு கல்லூரி அன்னை நமக்கு ஊட்டியது. அவள் புகழ் நீடு வாழ்க!